பத்து மணிக்கு ஸ்டார்ட் ஆகிற கார்

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கார் விடியற்காலையில் எனக்கு ஸ்டார்ட் ஆகாது. பத்து மணிக்கு மாமாவுக்கு ஸ்டார்ட் ஆகும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு என் கணவரின் அப்பா, அதாவது என் மாமா, இரண்டு மாதம் என்னை வறுத்தெடுத்தார். இப்போதும் யாராவது அவரை நல்ல மனுசன் என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காரின் 'டிக்' என்ற சத்தம்தான்.

நாங்கள் இருப்பது வெரிபீயில், கொஞ்சக் காலம் முன்புவரை வெறும் புல்லுத்தரையாகக் கிடந்து இப்போது ஒரே மாதிரி வீடுகளாக முளைத்திருக்கிற ஒரு பகுதியில். மரமும் இல்லை, மேடும் இல்லை. காற்று கடலில் புறப்பட்டால் நேராக எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். காற்று இல்லாத நாளில் பனி உறையும், அது இன்னும் மோசம். கனடாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் போனில் சிரிப்பார்கள், "உங்க என்ன குளிர், உதுவும் ஒரு குளிரோ" என்று. அவர்களுக்கு வீட்டில் மூலைக்கு மூலை சூடு இருக்கிறது, காரைக்கூட இரவில் கரண்டில் செருகி வைக்கிறார்கள். எங்கள் வீடு அட்டைப்பெட்டி மாதிரி. காருக்கு அதுவும் இல்லை.

காருக்கு ஒரு கராஜ் இருந்தது. அதில் மாமா இருந்தார்.

கராஜின் ஒரு பக்கத்தில் இரண்டாவது குசினி. பொரிக்கிறதும் மீன் சமைக்கிறதும் அங்கேதான், வீட்டுக்குள் மணக்கக் கூடாது. மற்றப் பக்கத்தில் பெரிய ஃப்ரீசர், அரிசி மூட்டைகள், ஊருக்கு அனுப்பவென்று கட்டி இன்னும் அனுப்பாத பெட்டிகள். நடுவில் மாமாவின் கதிரை, அதற்கு முன்னால் அவருடைய டிவி, காலடியில் அவருடைய ஹீட்டர். மாமி செத்த பிறகு அவர் எங்களோடு வந்து இருக்கத் தொடங்கினார். வீட்டில் நல்ல அறை ஒன்று கொடுத்தோம். அதில் படுப்பார், பகல் முழுக்க கராஜில் இருப்பார். அங்கிருந்தால் வாசல் தெரியும், யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்க்கலாம்.

"மாமா, இந்தப் பெட்டியளை ஒரு பக்கமா அடுக்கினால் காரை உள்ளுக்கு விடலாம்" என்று குளிர் தொடங்குமுன், மே மாதமே கேட்டேன்.

"கார் மணம் அரிசியில பிடிக்கும் பிள்ளை."

"அரிசியை வீட்டுக்குள்ள வைப்பம்."

"அப்ப கதிரையை எங்க போடுறது?"

கணவரிடம் சொன்னேன். "அப்பா நிம்மதியா இருக்கிற ஒரே இடம் அது. அதையேன் குழப்புறீர்?" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. ஹீட்டரோடு மாமா உள்ளே, பனிக்குள் கார் வெளியே.

என் கணவருக்குக் கிடங்கில் இரவு வேலை. மற்றக் காரை அவர் கொண்டுபோவார், நான் புறப்பட்ட பிறகுதான் வீடு திரும்புவார். எனக்கு முதியோர் இல்லம் ஒன்றில் காலை ஏழு மணி வேலை. ரயில் போகாத இடம், முதல் பஸ் எழும்புவதற்குள் என் வேலை தொடங்கிவிடும். கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. இதை நான் வீட்டில் எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

அந்த வேலை எனக்கு வேண்டும். ஊரில் நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவள். இங்கே வந்து அந்தச் சான்றிதழ்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சரி என்று முதியோர் பராமரிப்புப் படித்து, கூப்பிடுகிற நாளில் மட்டும் போகிற ஆளாக ஆரம்பித்து, நாளைக்கு வேலை இருக்குமா இல்லையா என்று போனைப் பார்த்துக்கொண்டே படுக்கிற சீவியம். குளிர்காலம் முடியும்போது நிரந்தரமாக ஓர் இடம் காலியாகும், உன் பெயரைத்தான் கொடுக்க நினைக்கிறேன் என்று மேலாளர் சொன்னாள். ஒன்றுதான் நிபந்தனை, நேரத்துக்கு வர வேண்டும். காலை ஆள் வராவிட்டால் இரவு ஆள் வீட்டுக்குப் போக முடியாது. படுக்கையில் இருக்கிறவர்கள் நனைந்தபடி கிடப்பார்கள். அவள் கேட்டது நியாயம்.

இன்னொன்றும் உண்டு. அந்த இடத்தில்தான் நான் யாருக்கும் மருமகள் இல்லை. அங்கே எல்லோரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மாமாவுக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. "வெள்ளைக்காரக் கிழவியளைக் குளிப்பாட்டவோ படிச்சனீர்?" என்று ஆரம்பத்தில் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு வேறு விதமாகத் தொடங்கினார். இருட்டில் பொம்பிளை தனியாகக் கார் ஓடக் கூடாது. கங்காரு குறுக்கே பாயும். அவருக்கு மத்தியானம் சோறு சூடாக வேண்டும். இதில் எது உண்மையான காரணம் என்று நான் கண்டுபிடிக்க முயலவில்லை, எனக்கு நேரம் இல்லை.

முதல் தரம் ஜூன் மாதம், இங்கே குளிர்காலம் அப்போதுதான் தொடங்கும். கண்ணாடி முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது. ஏறி இருந்து திறப்பைத் திருப்பினேன். டிக். டாஷ்போர்டில் எரிந்த விளக்குகள் எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போய், திறப்பை விட்டதும் திரும்ப எரிந்தன. மறுபடி திருப்பினேன். டிக். கார் என்னைப் பார்த்து நாக்கால் 'ச்சு' கொட்டுகிற மாதிரி இருந்தது. கை விறைத்து, மூச்சில் கண்ணாடியின் உள்பக்கமும் மங்கி, டாக்ஸிக்கு அடித்து, அது வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது இரவு ஆள் கோட் போட்டபடி வாசலில் நின்றாள். என்னைத் தாண்டித் தன் காருக்கு நடந்தாள்.

அன்று பத்து மணிக்கு என் போன் அடித்தது. ஒரு அம்மாவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில்தான் ஏதோ என்று பயந்து எடுத்தேன்.

"பிள்ளை, கார் ஸ்டார்ட் ஆகுது" என்றார் மாமா. "ஒரே திருப்பு. ஒண்டுமில்லை அதில."

அதுதான் ஆரம்பம். அதன் பிறகு நான் லீவில் நிற்கிற நாளிலும் பத்து மணி அடித்தால் மாமா குரங்குத்தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். திறப்பைக் கேட்டு வாங்குவார். காருக்குள் ஏறி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்புவார். கார் உடனே ஸ்டார்ட் ஆகும். ஒரு நிமிஷம் ஓட விட்டு அணைத்துவிட்டு, குசினி யன்னலில் நிற்கிற என்னைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னால்கூடப் பரவாயில்லை.

எங்கள் கார் கிழக்குப் பார்த்து நிற்கிறது. பத்து மணிக்கு வெயில் நேராகப் பொனெட்டில் விழும். வெயில் ஏறினால் சூடு ஏறும் என்று எட்டாம் வகுப்புக்குப் படிப்பித்தவள் நான். அதை மாமாவிடம் சொன்னேன்.

"வெயில் எல்லாருக்கும்தானே அடிக்குது" என்றார். "பக்கத்து வீட்டுக்காரன்ட கார் விடியவும் ஸ்டார்ட் ஆகுது. இது உம்மட கை. சிலருக்கு அப்பிடி. கைராசி எண்டு சொல்லுறது."

கைராசி என்ற சொல்லை அதற்கு முன் நான் டாக்டர்களுக்கும் தையல்காரர்களுக்கும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். கார் திறப்புக்கும் ராசி உண்டு என்று அந்த வீட்டில்தான் அறிந்தேன். ஒருதரம் அந்தச் சொல் வாயில் வந்த பிறகு மாமா விடவில்லை. நான் நட்ட கறிவேப்பிலை பட்டுப்போனது, நான் தொட்ட ரைஸ் குக்கர் பழுதானது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தார். கராஜில் இருந்து ஸ்பீக்கரில் கனடாவோடு கதைப்பார். "மருமேளுக்கு இரும்பு ராசியில்லை. எனக்கெண்டால் ஒரே திருப்பு." நான் அந்தக் கராஜ் குசினியில்தான் அவருக்கு மீன் பொரித்துக்கொண்டு நிற்பேன். எனக்குக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அதோடு அது அவர் பூசை போட்ட கார். போன ஒக்டோபரில் ஆயுதபூசை அன்றுதான் என் கணவர் காருக்குப் புதுப் பற்றரி வாங்கிப் பூட்டினார். நான் வீட்டுக்குள் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது பொனெட்டிலும் ஸ்டியரிங்கிலும் சந்தனமும் குங்குமமும், நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய். மாமா கற்பூரத் தட்டோடு நின்றார். "எல்லாத்துக்கும் வைச்சாச்சு" என்றார். அந்தக் கோடை முழுக்கக் கார் சோக்காக ஓடியது. அதனால் பூசையில் குறை இல்லை, பற்றரியில் குறை இல்லை, என்னில்தான் குறை.

பற்றரிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் பொனெட்டைத் திறந்து, தன்னுடைய கருவியின் இரண்டு கவ்வியையும் பற்றரித் தலையில், மேலே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு ஈயக் குமிழில், கடிக்கவிட்டு, பற்றரி நல்லது, புதுசு மாதிரி இருக்கிறது என்றான். எனக்கு அழுகை வந்தது. பழுது என்று சொன்னால் மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து சொன்னேன், சொல்லாமலே விட்டிருக்கலாம்.

"பற்றரியில பிழை இல்லையெண்டால் பேந்து எதில பிழை?" என்று கேட்டுவிட்டு மாமா என் கையைப் பார்த்தார்.

பார்த்தால் பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குளிரில் கார் ஸ்டார்ட் பண்ணுகிற வித்தை எல்லாம் கற்றுக்கொண்டேன். இரவில் பழைய கம்பளியைப் பொனெட்டில் போட்டு, கண்ணாடிக்குப் படுக்கை விரிப்புப் போர்த்துவேன். காலையில் ஏறினதும் காற்றாடி, ரேடியோ, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் திறப்பைத் தொடுவேன். பாதியில் நிறுத்தி, உள்ளே பெட்ரோல் பம்ப் 'ம்ம்' என்று ஓடி நிற்கும்வரை பொறுப்பேன். திருப்பினால் கொஞ்ச நேரம்தான், பிடித்தாட்டுவதில்லை. ஆகாவிட்டால் ஓய்வு கொடுத்து மறுபடி. சில நாள் நாலாம் ஐந்தாம் தரத்தில் பிடித்தது. சில நாள் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து வயர் கொழுவித் தந்தார். அவர் வயரைக் கொழுவினால் உடனே ஸ்டார்ட் ஆகும். அதுவும் எனக்குப் புரியவில்லை. நல்ல பற்றரிக்கு ஏன் இரவல் கரண்ட் வேண்டும்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஆனால் ஏழு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவளுக்கு எங்கே யோசிக்க நேரம்.

ஜூலையில் இரண்டாம் தரமும் பிந்தினேன். மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. இன்னொரு தரம் நடந்தால் என் பெயரைக் கொடுக்க முடியாது, அந்த இடத்துக்கு இன்னொருத்தியும் காத்திருக்கிறாள் என்றாள். அன்று மாலை கராஜுக்குப் போய், டிவிக்கு முன்னால் நின்றேன்.

"மாமா, எனக்கு இந்த வேலை போகப்போகுது. ஒரு மாசத்துக்கு மட்டும் காரை உள்ளுக்கு விடுவம்."

"பத்து மணிக்குத் தொடங்கிற வேலையாப் பாருமன்" என்றார் மாமா. "கார் வடிவா ஓடும்."

டிவி தெரியவில்லை என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஹீட்டரைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். எறியவில்லை. கணவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "அப்பாவோட ஏன் கொழுவுறீர், பெரியாள் அவர்" என்றவர், கடைசியில் மனம் இரங்கி, அந்தக் கிழமை முழுக்க வேலையில் இருந்து முன்னுக்கு வந்து தன் காரைத் தருகிறேன் என்றார். மூன்று நாள் வந்தார். நாலாம் நாள் வியாழக்கிழமை வரவில்லை.

அந்த வியாழக்கிழமை பனி உறைந்து புல் எல்லாம் உப்புக் கொட்டின மாதிரிக் கிடந்தது. கணவருடைய போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கிடங்கில் லொறி ஒன்று பிந்தி வந்ததாம், அதை இறக்கிக்கொண்டிருந்தாராம், பிறகு சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போயிருந்தார். டாக்ஸி ஒன்று வருவதாகச் சொல்லி, பிறகு வராது என்று சொன்னது. இன்னொன்றும் அப்படியே. இனி இந்தக் கார்தான்.

கம்பளியை இழுத்தேன். அது பலகை போல விறைத்து நின்றது. எல்லாவற்றையும் அணைத்தேன், பம்ப் ஓடி நிற்கப் பொறுத்தேன், திருப்பினேன். டிக். விளக்கெல்லாம் செத்தது. பொறுத்தேன். டிக். இறங்கி, காரைச் சுற்றி ஒருதரம் நடந்து, கையைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கி, திரும்ப ஏறினேன். டிக். வாயில் வந்த தூஷணம் எல்லாவற்றையும் அந்தக் காருக்குச் சொன்னேன். அப்போதுதான் கராஜ் கதவு மேலே ஏறியது.

மாமா குரங்குத்தொப்பியோடும் போர்வையோடும் நின்றார். பின்னால் ஹீட்டர் சிவப்பாக எரிந்தது.

"தள்ளிப் பாப்பமோ?"

"இது ஒட்டோமெற்றிக் மாமா. தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலாது."

"நாங்கள் எத்தினை காரைத் தள்ளியிருக்கிறம்."

"இதைத் தள்ள ஏலாது."

"அப்ப இறங்கும். நான் திருப்பிறன்."

இறங்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அவருடைய கைராசியை நானும் நம்பினேன். ஸ்டார்ட் ஆகட்டும், வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டட்டும், நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். மாமா ஏறி இருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். திருப்பினார்.

டிக்.

மறுபடி திருப்பினார். அதே டிக். அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இறங்கி, போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

"நீர் முதலே திருப்பிப் பழுதாக்கிப்போட்டீர்" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குள் போனார்.

மேலாளருக்குப் போன் எடுத்தேன். கார் என்று தொடங்கினதுமே அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். மன்னித்துக்கொள், நான் மற்றவளுக்குக் கொடுக்கிறேன் என்றாள். கூப்பிடுகிற வேலை வந்தால் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னாள். கூப்பிட மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். நான் நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல்.

வீட்டுக்குள் போயிருந்தால் அழுதிருப்பேன், அழுத கண்ணை மாமா பார்த்திருப்பார். அதனால் போகவில்லை. பொனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் வீடியோ தேடினேன். திருப்பினால் விளக்குச் செத்து டிக் என்று கேட்கிற கார் என்று தேடினால் எத்தனையோ பேர் கத்திக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒருத்தன், பற்றரி நல்லதென்றால் பற்றரித் தலையையும் வயர் கவ்வியையும் கழற்றிப் பார், நடுவில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி ஏதாவது இருந்தால் கரண்ட் போகாது, குளிரில் எஞ்சினைச் சுற்ற நிறையக் கரண்ட் வேண்டும், அப்போதுதான் அது காட்டிக்கொடுக்கும் என்றான். கட்டில் பூட்டுகிற ஸ்பானர் வீட்டில் கிடந்தது. முதலில் கழித்தல் பக்கம், பிறகு கூட்டல் பக்கம். விரல் விறைத்து இரண்டு தரம் ஸ்பானர் விழுந்தது. நட்டு இளகியும் கவ்வி வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்தேன். வந்தது.

உள்ளே மஞ்சளாக இருந்தது.

துருவோ என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். காய்ந்த கட்டியாக உதிர்ந்தது. நடுவில் சிவப்பு. வீடியோவில் சொன்ன வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி இல்லை. விரலை மூக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தனம். குங்குமம். மற்றக் கவ்வியைப் பார்த்தேன், அதற்குள்ளும் அதே. எல்லாத்துக்கும் வைச்சாச்சு என்று அன்று அவர் சொன்னது எல்லாத்துக்கும்தான். புதுப் பற்றரியின் இரண்டு தலையிலும் தாராளமாகக் குழைத்துப் பூசியிருக்கிறார். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே மேலே கவ்வியை வைத்து இறுக்கியிருக்கிறார். கோடையிலும் பத்து மணி வெயிலிலும் அந்தச் சந்தனத்துக்குள்ளால் போன கொஞ்சக் கரண்ட் காருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. கடைக்காரன் கவ்வியைக் கழற்றவே இல்லை, நுனியில் கடிக்கவிட்டு நல்லது என்றான். பக்கத்து வீட்டுக்காரர் வயரைக் கவ்வியில் கொழுவினார், சந்தனத்துக்கு வெளியே. ஒவ்வொன்றாகப் புரியப் புரிய, பனிக்குள் நின்ற எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

கராஜ் குசினிக்குப் போய் அப்பச்சோடாவை எடுத்துச் சுடுதண்ணீரில் கரைத்தேன். மாமா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேத்தண்ணியோ?" என்று கேட்டார். வெளியே போய்ப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். மஞ்சள் தண்ணீர் பற்றரியின் பக்கத்தால் வடிந்தது. ஈயம் பளிச்சென்று வந்த பிறகு துணியால் துடைத்து, கூட்டலை முதலில், கழித்தலைப் பிறகு வைத்து இறுக்கினேன். வெயில் இன்னும் வரவில்லை. கண்ணாடியில் பனி அப்படியே இருந்தது. ஏறி இருந்து திறப்பைத் திருப்பினேன்.

ஒரே திருப்பு.

பற்றரி கொஞ்சம் ஏறட்டும் என்று அதை ஓடவிட்டு, சுரண்டி எடுத்த கட்டிகளைக் கடதாசியில் வைத்துக் கராஜுக்குக் கொண்டுபோனேன். மாமாவின் மடியில் வைத்தேன். கார் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும், டிவியை ஏற்கெனவே குறைத்திருந்தார்.

"உதென்ன?"

"உங்கட சந்தனம். பற்றரிக்குப் பூசின சந்தனம். இதாலதான் கரண்ட் போகேல்லை. இரண்டு மாசமா."

கட்டியைக் கையில் எடுத்து மணந்து பார்த்தார். தன்னுடையதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. பிழை என்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடையில் விற்கிற சந்தனம் இப்போது சுத்தமில்லை, மாக் கலக்கிறார்கள் என்றார். நான் நகராமல் நின்றேன். அவர் கடதாசியை மடித்தார், விரித்தார்.

"காருக்கு உயிர் அதிலதானே எண்டு பூசினனான்" என்றார். "நீர் இருட்டில போறனீர். பத்திரமாப் போய் வர வேணும் எண்டுதான்."

"பத்திரமாத்தான் இருக்கிறன் மாமா. இனி வீட்டிலதானே."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். மேலாளர் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை, ஆனால் விளங்கிவிட்டது. பிறகு மெதுவாக எழும்பி, பூசைச் சந்தனத்தைக் குப்பையில் போடக் கூடாது என்பதால் அந்தக் கடதாசியைக் கொண்டுபோய், பட்டுப்போன என் கறிவேப்பிலைச் சாடியில் கொட்டினார். திரும்பி வரும்போது, கராஜின் ஓரத்தில் கிடந்த பெட்டி ஒன்றைக் காலால் சுவர்ப் பக்கம் தள்ளினார். இன்னொன்றையும் தள்ளினார்.

"இனி என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த பெட்டிக்குக் குனிந்தார். நான் வெளியே வந்து காரில் ஏறி இருந்தேன். காரின் ஹீட்டர் நன்றாகச் சூடாகிவிட்டது. கண்ணாடியில் பனி உருகி, தெரு முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. ஏழு மணி தாண்டியிருந்தது. எஞ்சினை அணைத்தேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சும்மா ஒருதரம் திறப்பைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது.